கைவசம் இல்லை

அண்ணியின் கைகளில் எப்போதும் ஒரு வாசனை இருந்தது. துருவும் பழைய கிரீஸும் மெழுகுத்தாளும் கலந்த வாசனை. சோப்புப் போட்டாலும் போகாது, சீயக்காய் வைத்துத் தேய்த்தாலும் போகாது. என் கைகளில் வேறொரு வாசனை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருந்தேன். தோலும், தோலை ஒட்டுவதற்குப் பூசும் சொல்யூஷனும் விரல் இடுக்குகளில் ஊறிக் கிடக்கும். மாலையில் நாங்கள் இருவரும் தட்டை வைத்து உட்காரும்போது அம்மா மூக்கைச் சுளிப்பாள். “ஒருத்தி லாரி ஷெட்டுல இருந்து வர்றா, ஒருத்தி தோல் மண்டியில இருந்து வர்றா. நடுவுல நான் எப்டிடி சாப்புடறது?” என்பாள். அண்ணி சிரிப்பாள். அந்த வீட்டில் சிரிப்பு கம்மியாகிப்போன காலம் அது. அதனால்தானோ என்னவோ, அந்தச் சிரிப்பு முழுதாக நினைவில் இருக்கிறது.

எங்கள் ஊர் விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பாலாற்றை ஒட்டியது. எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு கிடையாது. அண்ணன் பத்தாவது முடித்த கையோடு வேலூரில் நடந்த ஆள் எடுப்புக்குப் போய், ஓடி, மார்பு அளந்து, சேர்ந்துவிட்டான். லாரி டிரைவர் ஆனான். வடகிழக்கு மலைகளில் ரேஷன் சாமான் ஏற்றிப்போகும் வேலை. விடுப்பில் வந்தால் ஊர் முழுக்கச் சுற்றுவான். அம்மாவுக்கு மட்டும் நாளுக்கு ஒரு மலைக்கதை சொல்லுவான். அண்ணியைத் திமிரியிலிருந்து கட்டிக்கொண்டு வந்தோம். நிலக்கடலை போடும் குடும்பம். பன்னிரண்டாவது படித்தவள், தட்டச்சும் தெரிந்தவள், வாய் அதிகம் பேசாதவள். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவள் என்றாலும் முதல் நாளிலிருந்தே என்னைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிட்டாள்.

அண்ணன் கடைசியாக விடுப்பில் வந்தபோது பையனுக்கு ஒன்றரை வயது. அவனை வயிற்றின்மேல் போட்டுக்கொண்டு கூடத்தில் படுத்தபடியே தன் லாரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். பழைய மாடல் லாரி. சீக்கிரமே எடுத்துவிடப் போகிறார்கள், ஆனால் புதியது வரும்வரை அதுதான் ஓட வேண்டும். பிரேக் சரியில்லை. மிதித்தால் ஒரு சமயம் பிடிக்கும், ஒரு சமயம் கால் அப்படியே உள்ளே போகும். “இறக்கத்துல பிரேக்க புடிக்கறதுக்கு முன்னாடி முருகன புடிச்சுக்கணும்மா” என்றான். அம்மா பதறிப்போனாள்.

“புதுசு வாங்கிப் போடச் சொல்லுடா!”

“கேட்டாச்சும்மா. பிரேக்குக்கு மாஸ்டர் சிலிண்டர் வேணும்னு எழுதிப் போட்டாங்க. கைவசம் இல்லன்னு பதில் வந்துடுச்சு. ரெண்டாவது வாட்டியும் கேட்டாங்க, அதே பதில்தான். எங்க ஃபிட்டர் கெட்டிக்காரன், இருக்கறத வெச்சு ஏதோ பண்ணித் தந்திருக்கான். ஓடும்.”

ஓடியது, சில மாதங்கள். அடுத்த மழைக்காலத்தில், ஒரு மலை இறக்கத்தில் அண்ணனின் லாரி பள்ளத்தில் விழுந்தது. சவப்பெட்டியோடு வந்தவர்கள் சாலையோரத்து மண் சரிந்துவிட்டது என்றார்கள். விசாரணையிலும் அதுதான் முடிவானது. கூட வந்த இன்னொரு டிரைவர், அண்ணனுடைய தோஸ்த், ‘அண்ணன் நல்ல டிரைவரு’ என்பதைத் தவிர வேறொன்றும் பேசாமல் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார். அம்மா அழுது ஓய்ந்தபின் தனக்கென ஒரு பதிலைச் செய்து வைத்துக்கொண்டாள். ‘என் புள்ளைய மல எடுத்துக்கிச்சு.’ யார் வந்து கேட்டாலும் அதைத்தான் சொன்னாள். மலையோடு யாரும் சண்டை போட முடியாதல்லவா? அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், பேரனைத் தூக்கினாள்.

கருணை அடிப்படையில் அண்ணிக்கு வேலை வந்தது. காட்பாடியிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் ஒரு ராணுவக் கிடங்கு. எந்த ஊர் என்பது வேண்டாம். வண்டிகளின் உதிரிபாகங்களை வைத்துப் பாதுகாத்து, கேட்கிற படைப்பிரிவுகளுக்கு அனுப்புகிற இடம். அண்ணிக்கு ஸ்டோர் கீப்பர் உத்தியோகம். புருஷனைக் கொன்ற லாரியின் சாமான்களுக்கு நடுவே போய் வேலை செய்வதா என்று திமிரியில் அவள் அப்பா ஆட்சேபித்தார். “வேற எந்த வேல வருதுப்பா? வந்த வேலைக்குப் போறேன்” என்றாள். அவள் கிழக்கே போகும் ரயிலுக்கு விடிவதற்குள் கிளம்புவாள். நான் மேற்கே ஆம்பூர் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறுவேன். பையன் அம்மாவிடம் இருப்பான். இப்படித்தான் ஏழெட்டு வருஷம் ஓடியது.

அந்த வேலையைப் பற்றி அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. ராணுவத்தில் ஒரு மாடல் வண்டியை எடுத்துவிட்டால் அதோடு அந்த வண்டியின் கதை முடிந்துவிடுவதில்லை. அதற்கென்று வாங்கிக் குவித்த கிளட்ச், கியர், பிரேக், ரேடியேட்டர் எல்லாம் கிரீஸ் தடவி, மெழுகுத்தாள் சுற்றி, மரப்பெட்டியில் ஆணியடித்து வருஷக்கணக்காகக் கிடக்கும். வண்டி போய்விட்டது, சாமான் மட்டும் புதிதாகவே இருக்கிறது. புது வண்டிகளின் சாமான் வந்து வெளியே தார்ப்பாயின் கீழ் மழையில் காத்துக்கொண்டிருக்கும். ஆகவே பழையவற்றை இனிமேல் உதவாது என்று தீர்மானித்துக் கழிக்க வேண்டும். ஆனால் அந்தப் பழைய மாடலில் தண்ணீர் லாரியோ, ஆம்புலன்ஸோ ஒன்றிரண்டு எங்காவது மூலையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். எது உதவும், எது உதவாது என்று பிரிப்பதுதான் கஷ்டம். எங்கள் கம்பெனியிலும் வெளிநாட்டுக்காரன் ஒரு மாடலை நிறுத்தினால் தைத்து மிஞ்சிய மேல்தோல்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதை யாரும் ஒரு கணம்கூட யோசிக்காமல் வெட்டிப் போட்டுவிடுவார்கள். அவற்றால் யாரும் சாகப்போவதில்லை.

அண்ணன் ஓட்டிய மாடலைக் கழிக்கும் முறை ஒரு வருஷம் வந்தது. அதற்கு ஒரு மேஜரைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார், தானே சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்டி திறப்பவர். அவருடன் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்க்கும் வேலை அண்ணிக்கு விழுந்தது.

அந்தச் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. பையனுக்குப் பள்ளிச் சீருடை எடுக்க வேண்டும் என்று, அண்ணி ரயில் விட்டு இறங்குவதற்குக் காட்பாடியில் காத்திருந்தேன். இறங்கியவள் என்னைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. தலைசுற்றலோ என்று தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தேன். குடிக்காமல் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இன்னா அண்ணி? ஒடம்பு சரியில்லையா?”

“மாஸ்டர் சிலிண்டர் இருக்குது பாப்பா” என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் என்னைப் பார்க்காமல், தண்டவாளத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள். அந்த லாரி முதன்முதலில் வெளிநாட்டிலிருந்து வந்தபோது அதன் பாகங்களுக்கு ஒரு எண். பிற்பாடு இங்கேயே செய்ய ஆரம்பித்ததும் அதே பாகத்துக்கு வேறு எண். படைப்பிரிவுகள் கேட்பது புது எண்ணைப் போட்டு. புது எண்ணுக்குரிய ரேக் எப்போதோ காலி. பழைய எண் போட்ட பெட்டிகள் இரண்டு ஷெட் தள்ளி, வேறு மாடல் சாமான்களோடு சுவரோரமாய்க் கிடந்தன. அன்று மத்தியானம் அதில் ஒரு பெட்டியைத் திறந்து, மேஜர் மெழுகுத்தாளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். “அட, இது மாஸ்டர் சிலிண்டர் ஆச்சே. இது இல்ல இல்லன்னு எத்தன பேருக்குத் திருப்பி எழுதியிருப்போம்! நம்பர் மட்டும்தான் வேற. சாமான் ஒண்ணுதான்” என்றிருக்கிறார். வேறொன்றும் இல்லை, ஒரு வேடிக்கையைப் போலச் சொல்லியிருக்கிறார். அண்ணியின் புருஷன் அந்த லாரி ஓட்டியவன் என்பது அவருக்குத் தெரியாது.

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல. அடுத்த பெட்டியத் தொறந்தேன்.”

நாங்கள் அந்த பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். ரயில்கள் வந்தன, போயின. மருத்துவமனைக்கு வந்த வடநாட்டு நோயாளிகள் மூட்டை முடிச்சுகளோடு எங்களைக் கடந்து போனார்கள். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. யார்மீது என்றுதான் தெரியவில்லை. “அப்போ அண்ணன கொன்னது...” என்று ஆரம்பித்தேன். அண்ணி என் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

“அப்டிச் சொல்லாத. பிரேக்கு புடிக்காமத்தான் வுழுந்துச்சான்னு எனக்குத் தெரியாது. மண்ணும் சரிஞ்சிருக்கலாம். அது யாருக்கும் தெரியப்போறதில்ல. அவரு கேட்டாரு. சாமான் இருந்துச்சு. இல்லன்னு சொல்லிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்.” பிறகு, “அத்தைக்கு மட்டும் தெரியக்கூடாது பாப்பா. அவங்க மலையத்தான் திட்டிக்கிட்டிருக்காங்க. திட்டிக்கிட்டே இருக்கட்டும்” என்றாள்.

சீருடை எடுக்காமலே வீட்டுக்குப் போனோம். கடை பூட்டியிருந்தது என்று பொய் சொன்னோம்.

‘கைவசம் இல்லை’ என்று அன்று எழுதியவர் யார் என்பதும் அண்ணிக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு முன் அதே நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அண்ணி வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழக்கமில்லாத இடத்தில் மிரண்டு நின்றவளுக்கு ஒவ்வொரு ரேக்காகக் காட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தன் டப்பாவைப் பகிர்ந்துகொண்ட மனிதர். ஓய்வூதியக் காரியமாக எப்போதாவது கிடங்குக்கு வருவார். வந்தால் அண்ணியைப் பார்க்காமல் போகமாட்டார். அண்ணிக்கு அந்த விஷயம் தெரிந்தபின்னும் ஒருமுறை வந்திருக்கிறார். “பையன் நல்லா படிக்கிறானாம்மா?” என்று கேட்டிருக்கிறார். அண்ணி டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். “எப்டி அண்ணி முடிஞ்சுது உங்களால?” என்று கேட்டேன். “அவரு பொய் சொல்லல பாப்பா. அவரு பாத்த ரேக்குல இல்ல. இல்லாததத்தான் இல்லன்னு எழுதினாரு. இப்போ போய்ச் சொன்னா அந்த மனுசன் தூங்குவாரா?” என்றாள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பல வருஷம் அவரை மனசுக்குள் சபித்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை அண்ணி மேஜரிடம் போய்த் தன் புருஷனைப் பற்றிச் சொன்னாள். அவர் எழுந்து நின்றுவிட்டாராம். பிறகு, “நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்கம்மா” என்று கேட்டிருக்கிறார். ஒருவேளை இவள் புகார் கொடுக்கப்போகிறாள், ஊரைக் கூட்டப்போகிறாள் என்று நினைத்திருக்கலாம். எனக்கேகூட அந்த எண்ணம் இருந்தது. அண்ணி கேட்டது வேறு. “ரெண்டு நம்பர்ல கெடக்கறது இது ஒண்ணு மட்டும் இருக்காது சார். எல்லாத்தையும் பாத்து முடிக்கற வரைக்கும் எதையும் கழிக்காதீங்க.”

அது சின்ன வேலை இல்லை. இடம் காலி செய்யச் சொல்லி மேலிருந்து நெருக்கடி. மேஜர் எழுதி எழுதி அவகாசம் வாங்கினார். பழைய பெட்டிகள் அத்தனையையும் பிரித்து, பாகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எந்தெந்த மூலையில் அந்த மாடல் இன்னும் ஓடுகிறது என்று விசாரித்து எழுதினார்கள். கிடங்கில் எல்லோருக்கும் அண்ணியின்மேல் எரிச்சல். குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறாள் என்றார்கள். அவள் வேலை நேரம் முடிந்த பிறகும் இருந்தாள், விடுமுறை நாட்களிலும் போனாள். வழக்கமாக வரும் ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் வந்தாள். பிறகு அதற்கும் அடுத்ததில். வந்தவுடன் சாப்பிட்டாளா, பையன் தலையைத் தடவினாளா என்றுகூடத் தெரியாமல் படுத்துவிடுவாள்.

வீடு அந்த ஒரு வருஷத்தில்தான் குலைந்தது. அம்மாவுக்கு முழங்கால் வீங்கி, எழுந்து நடப்பதே பெரும்பாடாகிவிட்டது. பையனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்குப் போகிறேன் என்று கிளம்பி, ஆற்றில் மணல் அள்ளும் இடத்தில் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தான். ஒருநாள் காய்ச்சலில் பிதற்றினான். நான்தான் ஷேர் ஆட்டோ பிடித்து வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அண்ணி நேராக ரயிலடியிலிருந்து வந்து சேர்ந்தபோது அவன் ஊசி போட்டுத் தூங்கிவிட்டிருந்தான். அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா வாய்விட்டே கேட்டுவிட்டாள். “செத்தவன் லாரிய இன்னும் எத்தன வருசத்துக்குத் தொடச்சுக்கிட்டிருப்ப? உயிரோட இருக்கறவன பாக்கமாட்டியா?” அண்ணி பையனின் போர்வையை இழுத்துவிட்டாள். பதில் சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நான் அடுப்படியில் நின்றுகொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பையனை வேலூரில் ஒரு பள்ளி விடுதியில் சேர்த்தாள். “ஒரு வருசம்தான் பாப்பா. இந்த வேலைய முடிச்சுட்டுக் கூட்டிக்கிட்டு வந்துடுவேன்” என்றாள். விடுதி வாசலில் அவன் அவளுடைய முந்தானையை விடவில்லை. “நான் ஆத்துக்குப் போமாட்டம்மா, சத்தியமா போமாட்டேன்” என்று அழுதான். தான் செய்த குறும்புக்குத்தான் தண்டனை என்று நினைத்துக்கொண்டான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு அண்ணி திரும்பி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வருஷம் கழிந்து அவள் கூப்பிடப் போனபோது அவன் வரவில்லை. ‘இங்கயே இருக்கேன்’ என்றான். கோபமில்லை, அழுகையில்லை. விருந்தாளியிடம் பேசுவதுபோல மரியாதையாகச் சொன்னான். அந்த மரியாதை கடைசிவரை மாறவேயில்லை. விடுமுறைக்கு வருவான், ஆயா என்று கூப்பிடும் என் அம்மாவிடம் கதை பேசுவான், என்னிடம் வம்பு செய்வான். அண்ணியிடம் மட்டும் ‘சரிங்க’, ‘வேணாங்க’. பிறகு பாலிடெக்னிக், பிறகு ஓசூரில் வேலை. மாதாமாதம் தவறாமல் போன் பண்ணுவான். ‘சாப்ட்டீங்களா’ என்று கேட்பான். அதற்குமேல் அந்த இருவருக்கும் இடையில் பேச்சு நகராது.

கிடங்கில் அவள் செய்த வேலை வீணாகவில்லை. ‘கைவசம் இல்லை’ என்று பலமுறை திருப்பி அனுப்பப்பட்ட சாமான்களில் எத்தனையோ அங்கேயே வேறு எண்ணில் கிடைத்தன. பழைய தண்ணீர் லாரிகளுக்கும் ஆம்புலன்ஸ்களுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. ஒருநாள் மாலை ஆற்காட்டுக்கார சிநேகிதியிடம் சொல்லி வாங்கிவரச் செய்த மக்கன்பேடா இனிப்பு டப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். எங்கோ மலைமேல் நின்றுபோயிருந்த ஆம்புலன்ஸ் இவர்கள் அனுப்பிய சாமானால் ஓடத் தொடங்கியதாகச் செய்தி வந்திருந்தது. “இன்னா விசேசம்?” என்று அம்மா கேட்டாள். “ஆபீஸ்ல ஒரு வேல முடிஞ்சுதுங்க அத்த” என்று அண்ணி அம்மாவின் வாயில் ஒன்றை ஊட்டினாள். அம்மா அதைச் சப்பிக்கொண்டே, “இத்தன நாள் மூஞ்ச தூக்கி வெச்சிருந்தியே, இதுக்குத்தானா?” என்றாள்.

ஆனால் அந்த மாஸ்டர் சிலிண்டர்கள் யாருக்கும் பயன்படவில்லை. மேஜர் ஆய்வுக்கு அனுப்பிப் பார்த்தார். உள்ளே இருந்த ரப்பர் இற்றுப்போய்விட்டது, இரும்பின் உட்புறத்திலும் குழி விழுந்துவிட்டது. இனி எந்த வண்டியிலும் மாட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் கேட்ட காலத்தில் அவை நன்றாக இருந்திருக்குமா என்று அவர் கேட்டாரோ இல்லையோ, அண்ணி கேட்டிருக்கிறாள். இருந்திருக்கும் என்றுதான் பதில். இப்படிக் கழிக்கிற சாமான்களை அப்படியே ஏலம் விடமாட்டார்கள். யாராவது எடுத்து வண்டியில் மாட்டிவிடுவார்கள் என்று உடைத்துத்தான் கொடுப்பார்கள். உடைக்கிற நாளில் அண்ணி வர வேண்டியதில்லை, வேறு ஆளைப் போடுகிறேன் என்று மேஜர் சொன்னார். இவள்தான் நானே இருக்கிறேன் என்றாள். ஒவ்வொன்றாக மெழுகுத்தாளைப் பிரித்து இவள் எடுத்துக் கொடுக்க, கூலிக்கு வந்தவர்கள் சம்மட்டியால் அடித்தார்களாம். “புத்தம் புதுசா இருந்துச்சு பாப்பா. தொடச்சா மொகம் தெரியும் போல. முதல் அடியில ஒடையல” என்றாள். அன்று வீட்டுக்கு வந்து படுத்தவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். அம்மா வேப்பிலை சொருகினாள். அண்ணன் இறந்தபோதுகூட அவள் அப்படி அழுததை நான் பார்த்ததில்லை. காய்ச்சலில் அழுகிறாள் என்று அம்மா நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டேயிருந்தாள்.

அம்மா போனது அதற்குப் பிறகு சில வருஷங்கள் கழித்து. கடைசி நாட்களில் அண்ணியின் மடியில்தான் தலை. ஒருநாள் தெளிவாக இருந்தபோது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த மலைய நான் மன்னிச்சுட்டேன்மா. நீயும் மன்னிச்சுடு. மனசுல வெச்சுக்காத” என்றாள். அண்ணி ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, “சரிங்க அத்த, மன்னிச்சுட்டேன்” என்றாள்.

எனக்குக் கல்யாணமாகி ஆம்பூரிலேயே குடிபோய்விட்டேன். அண்ணி அந்த வீட்டில் தனியாக இருந்துகொண்டு கிடங்குக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். போன வருஷம் கர்ப்பப்பையில் கட்டி என்று வேலூரில் சேர்த்தோம். திறந்து பார்த்துவிட்டு டாக்டர்கள் அதிகம் பேசவில்லை. பையன் ஓசூரிலிருந்து வந்து வராந்தாவிலேயே கிடந்தான். மருந்து, ரத்தம், பில் எல்லாவற்றுக்கும் ஓடினான். ஆனால் கட்டிலருகே வந்தால் நின்றுகொண்டுதான் பேசுவான். அவன் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் அண்ணி என்னிடம் சொன்னாள்.

“அவன்கிட்ட சொல்லிடு பாப்பா. நான் போனப்புறம்.”

“இப்பவே நீங்களே சொல்லுங்க அண்ணி. இதோ, கீழதான் போயிருக்கான்.”

“நான் சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும். படுக்கைல இருக்கறவ சொன்னா அவன் ஒண்ணும் திருப்பிக் கேக்கவும் முடியாது, கோச்சுக்கவும் முடியாது. பாவம். அவனுக்குக் கோவம் வந்தா வரட்டும். உன்கிட்ட காட்டுவான். நீ தாங்குவ.”

நான் எவ்வளவோ சொல்லிப்பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு பத்து நாளும் இருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தைப் பாலாற்றில் வைத்தோம். ஆற்றில் தண்ணீர் இல்லை; பம்புசெட்டிலிருந்து பிளாஸ்டிக் குடங்களில் கொண்டுவந்துதான் தலைமுழுக்கு. எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மொட்டையடித்த தலையோடு அவன் மட்டும் மணலில் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பிரேக்கிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அப்பா கூடத்தில் படுத்துக்கொண்டு பேசியதை, ரயிலடி பெஞ்சை, டீ குடித்துவிட்டுப் போன பெரியவரை, சம்மட்டியை, எதையும் விடவில்லை. நடுவில் ஒருமுறைதான் குறுக்கே கேட்டான்.

“ஆயாவுக்குத் தெரியுமா?”

“கடைசி வரைக்கும் தெரியாது.”

முழங்காலைக் கட்டிக்கொண்டு மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவன் மனசுக்குள் வருஷங்களைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான் போல.

“அந்த வருசம்தான அத்த என்ன ஹாஸ்டல்ல வுட்டது?”

“அந்த வருசம்தான்டா.”

“நான் அம்மாவுக்குப் பேஜாரா இருந்தேன்னு நெனச்சேன். இத்தன வருசமா அப்டித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

“இல்லடா. உன்ன வுட்டுட்டு வந்த அன்னிக்கி, தெருமுனையில சுவத்தப் புடிச்சுக்கிட்டு நின்னா. நான்தான் தாங்கிப் புடிச்சேன்.”

அவன் உதடு கோணியது. முப்பதை நெருங்குகிற ஆண்பிள்ளை, அழுகையை அடக்கத் தெரியாமல் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான். முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவன் பேசியது மணலுக்குச் சொல்வதுபோல இருந்தது.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம் அத்த. இதுக்காகத்தான்னு சொல்லியிருந்தா நானே போயிருப்பேன். அழாமப் போயிருப்பேன்.”

ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லியிருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

“ஆமாண்டா கண்ணு, போயிருப்ப” என்றேன்.